நூற்றைம்பது ரூபாய்க்காரி

ரங்கநாதன் தெருவில் கடை அடைக்கிற நேரம்.
இருநூறு சொன்னவன் ஒரே மூச்சில் நூற்றைம்பதுக்கு இறங்கினான்.
அவ்வளவு சீக்கிரம் இறங்கியிருக்கக் கூடாது.
அப்போதே எனக்குச் சந்தேகம்.

விடுதி அறையில் ஜெபராணி கையை நீட்டினாள்.
சேலைப் பிரிவுக்கு மாற்றும் முன்
மூன்றாம் மாடி பொம்மைகளுக்கு நடுவே நான்கு வருஷம் நின்றவள்.
ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் அசலை
ஒரு நாளைக்கு நாற்பது தடவை
உட்காரவும் எழவும் வைத்துக் காட்டியவள்.

முதலில் பெட்டி.
"பேரப் பாரு, ஒரு எழுத்து கூடக் கெடக்கு.
கேஸ் போட்டா தப்பிச்சுக்கிடலாம்லா."
பிறகு மூக்கருகே கொண்டுபோனாள்.
மழைக்கு வாங்கிய புதுச் செருப்பின் வாடை.

கழுத்தைத் திருகித் தலையைக் கழற்றி
தேங்காய் வாங்குகிறவள் போல
காதோரம் ஆட்டிப் பார்த்தாள்.
கூந்தலை ஒதுக்கியபோது எனக்கே கூச்சமாயிருந்தது:
நெற்றியோரம் இரண்டு வரிசை, பிடரியில் ஒரு வரிசை,
நடுவில் கூடுவாஞ்சேரிப் பக்கம் கல் நட்டுப்போட்ட மனைகள் மாதிரி
வெறும் பொட்டல்.

வயிற்றில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.
உள்ளே போனது.
விட்டதும் டொப்பென்று வெளியே வந்தது.
"காத்து. தண்ணி பாட்டில் ஊதுற மிஷின்லயே ஊதியிருப்பான்."

இடது கண்ணின் அச்சு ஒரு நூல் விலகி
புருவத்தின்மேல் ஏறியிருந்தது.
முகத்துக்கு நேரே பிடித்தாலும் அவள் நம்மைப் பார்க்கவில்லை,
நமக்குப் பின்னால் நிற்கிற சூப்பர்வைசரைப் பார்க்கிறாள்.

கவுன் எனக்கு வந்தது. துணி என் துறை.
முன்னால் ஜிகினா,
பின்னால் மடித்துத் தைக்காத ஓரம், பிரிகிற நூல்.
"கண்ணாடிப் பக்கத்துக்கு மட்டும் செலவழிச்சிருக்கான்" என்றேன்.
ஜெபராணி தலையாட்டினாள்.
இதற்குள் ஒரு செருப்பு கட்டிலுக்கடியில் தொலைந்துவிட்டது.

கடைசியாக முழங்கால்.
அசலுக்கு உள்ளே மூன்று சொடுக்கு உண்டாம்,
க்ளிக், க்ளிக், க்ளிக்.
மடக்கினாள். மடங்கவில்லை.
இன்னும் அழுத்தினால் இடுப்போடு பிடுங்கிக்கொண்டு வரும்.
"இவளுக்கு உக்கார வராதுட்டி."

சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாள்.
என் கால்கள் வெந்நீர் வாளிக்குள் இருந்தன.
கல்லுப்பு இன்னும் கரையவில்லை,
பாதத்துக்கடியில் நறநறத்தது.

நாங்களும் உட்காரலாம் என்று சட்டம் வந்த வருஷம்
எங்கள் மாடிக்கு இரண்டு ஸ்டூல் வந்தது.
ஒன்றின்மேல் காலி அட்டைப்பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன.
இன்னொன்றில் பட்டுச்சேலை சுற்றிய, இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத
பிளாஸ்டிக் பெண்.
ஜெபராணியும் அதைத்தான் நினைத்தாளா என்று
நான் கேட்கவில்லை.

"எவ்வளவுக்கு வாங்குன?"
நூற்றிருபது என்று பொய் சொன்னேன்.
"எம்பதுக்கு மேல தகாது."

நாசரேத்திலிருந்து அக்கா மகள் போனில் கேட்டது ஒன்றே ஒன்று:
மேசைமேல் உட்கார வைத்துச் சோறு ஊட்டணும்.
நாளை மாலை ஆம்னி பஸ்ஸில் பார்சல் போகவேண்டும்.
பெட்டியில் திரும்ப வைத்து
கழுத்துக்கும் இடுப்புக்கும் கம்பி முறுக்கலாம் என்று எடுத்தேன்.
"இன்னைக்கி வேண்டாம், கெடக்கட்டும்" என்றாள்.

பதினொன்றரைக்கு வார்டன் விளக்கை அணைத்தாள்.
வழக்கம்போல் தரையில் மல்லாந்து
சுவரில் கால்களைத் தூக்கிச் சாத்திக்கொண்டோம்.
ரத்தம் இறங்க இருபது நிமிஷம் ஆகும்.
எங்களுக்கு நடுவே அவளையும் படுக்கவைத்து
ஜெபராணி அவள் காலையும் தூக்கிச் சாத்தினாள்.
குதிகால் தூக்கியே வார்த்த பாதம்,
வளையத் தெரியாத முட்டி,
இதற்கு மட்டும் கச்சிதம்.
"பாரேன், நம்மளவிட நேரா நிக்கிது" என்றாள்,
நிற்கவில்லை என்பது தெரிந்தும்.

கோடம்பாக்கத்தில் கடைசி மின்சார ரயில் போனது.
தூக்கம் வருகிற சமயம் இருட்டில் ஒரு டொப்.
அழுத்திய வயிறு
அப்போதுதான் முழுசாகத் திரும்பியது போல.